இழைப்புளி: தச்சர் தமக்கே செய்துகொண்ட கருவி

புளியமரம் என்றதும் நம்மில் பலருக்குக் குழம்புதான் நினைவுக்கு வரும். வனத்துறை அதிகாரியான ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிளுக்கு நினைவுக்கு வந்தது அதன் கட்டை. 1881இல் அவர் வெளியிட்ட இந்திய மரங்கள் பற்றிய கையேட்டில், புளியமரம் எதற்கெல்லாம் ஆகும் என்று ஒரு வரிசை வருகிறது: வண்டிச் சக்கரம், கொட்டாப்புளி, நெல் குத்தும் உலக்கை, எண்ணெய்ச் செக்கு, கரும்பாலை. இவற்றோடு ஒன்றாக, பலகையைச் சீவி வழவழப்பாக்கும் தச்சரின் இழைப்புளியும் அங்கே இருக்கிறது. இழைக்கச் சிரமமான மரம், ஆனால் உழைக்கும் மரம் என்பது அவருடைய கணிப்பு. பின்னாளில் சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர் அவர். அந்தப் பட்டியலைப் போகிற போக்கில் எழுதியிருக்க மாட்டார்.

சென்னையிலிருந்து பூந்தமல்லி, செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பெங்களூர் போகும் நெடுஞ்சாலையை இன்று பார்ப்பவருக்கு இந்தப் பட்டியல் வேறோர் உலகத்துச் செய்தியாகத் தோன்றலாம். கார் ஏற்றிய நீள லாரிகளும் கண்டெய்னர்களும் ஓடும் சாலை அது. ஆனால் தமிழ்நாட்டின் பழைய பெருஞ்சாலைகள் பெரும்பாலும் புளியமரச் சாலைகளாகவே இருந்தன. நிழலும் பழக் குத்தகையும் கிடைத்தன. புயலில் சாய்ந்த மரம் தச்சருக்கும் வண்டிக்காரருக்கும் கட்டையாயிற்று. கருவிக்கு வேண்டிய மூலப்பொருள் தச்சர் நடந்து போகிற வழியிலேயே வளர்ந்து நின்றது.

தச்சரின் பையில் உள்ள கருவிகளில் இழைப்புளிக்குத் தனி இடம் உண்டு. உளியையும் வாச்சியையும் ரம்பத்தையும் கொல்லர் அடித்துக் கொடுப்பார். தச்சர் பிடி மட்டும் போட்டுக்கொள்வார். இழைப்புளியில் கொல்லரின் பங்கு ஒரு தகட்டோடு முடிந்துவிடுகிறது. மீதி முழுவதும் மரவேலை. அதனால் தச்சர் தம் தொழிலைக் கொண்டே தம் கருவியைச் செய்தார். கருவி சரியாக வாய்த்தால்தான் வேலை வாய்க்கும் என்பதால், ஒருவருடைய கைத்திறனை அவர் செய்த கதவைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய இழைப்புளியைப் பார்த்து அளந்துவிடலாம். தமிழகத்துத் தச்சுத்தொழிலின் கதையை இந்த ஒரு கருவியை வைத்தே சொல்ல முடியும் என்பதும் அதனால்தான்.

அதைச் செய்யும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வைரம் பாய்ந்த, வெடிப்பில்லாத, நன்கு உலர்ந்த கட்டை முதல் தேவை. அரைகுறையாகக் காய்ந்த கட்டை, செய்து முடித்த பிறகு முறுக்கிக்கொள்ளும். அடிப்பரப்பு ஒரு முடி அளவு வளைந்தாலும் கருவி உதவாது. கட்டையின் நார் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தீர்மானிக்க வேண்டும். தள்ளும்போது அடிப்பரப்பின் நார் படிந்து போக வேண்டும், எதிர்த்து எழும்பக் கூடாது. பிறகு தகடு உட்காரும் சரிவைக் கோடிட வேண்டும். தேக்கு போன்ற மரத்தை இழைக்க 45 பாகைச் சரிவு போதும். முரட்டு நார் உள்ள மரத்துக்கு 50 பாகையும் அதற்கு மேலும் நிமிர்த்துவார்கள். நிமிர நிமிரத் தள்ளுவது கடினமாகும். நார் பிய்வது குறையும்.

கடினமான பகுதி அதன்பின்தான். மேலிருந்து ஒரு பள்ளமும் அடியிலிருந்து ஓர் ஒடுங்கிய வாயும் தோண்டிக்கொண்டு போய் நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். தகடு படுக்கும் சரிவு கண்ணாடி போல் தட்டையாக அமைய வேண்டும். அங்கே சிறு மேடு இருந்தாலும் தகடு அதிரும், இழைத்த பலகையில் அலை அலையாகத் தடம் விழும். தகட்டை இறுக்கும் ஆப்பு இரு கன்னங்களிலும் ஒரே அளவாகப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி விட்டால் சீவல் அதில் போய்ச் சிக்கிக்கொள்ளும். வாய் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு நயமான இழைப்பு. ஏனென்றால், அலகு நாரைத் தூக்குவதற்கு முன் வாயின் முன்விளிம்பு அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மிக ஒடுங்கினாலோ சீவல் வெளியே வர வழியில்லாமல் அடைத்துவிடும்.

ஆழத்தைச் சரிசெய்யத் திருகாணி ஏதும் கிடையாது. தகட்டின் தலையில் தட்டினால் அலகு இறங்கும்; கட்டையின் பின்புறத்தில் தட்டினால் ஏறும். கட்டையைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அடிப்பரப்பின் மேல் நூலளவு எட்டிப் பார்க்கும் அலகின் கோட்டைத் தச்சர் கவனிப்பார். தட்டும் ஓசை மாறுவதைக் கேட்டே ஆப்பு இறுகிவிட்டதா என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. வருடக்கணக்கில் உழைத்து அடிப்பரப்பு தேயும்போது வாய் அகன்றுவிடும். அப்போது வாயின் முன்னால் ஒரு துண்டைப் பதித்து மறுபடி ஒடுக்குவார்கள். அதுவும் தேய்ந்தால் அதே தகட்டுக்குப் புதுக்கட்டை. ஒரு தகடு பல கட்டைகளைக் கண்டுவிடும்.

இந்தக் கருவி எவ்வளவு பழையது? மேற்குலகில் மிகப் பழைய சான்றுகள் ரோமானியருடையவை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய பாம்பெய் நகரத்தில் இழைப்புளிகள் கிடைத்திருக்கின்றன. அடியில் இரும்புத் தகடு போர்த்தியவை அவை. இங்கிலாந்தின் குட்மன்ஹாம் என்ற இடத்தில் 2000ஆம் ஆண்டு கிடைத்த இழைப்புளியின் உடல் தந்தத்தால் ஆனது. ரோமானிய ஆட்சியின் பிற்காலத்தைச் சேர்ந்தது. சாதாரணத் தச்சர் எவரும் தந்தத்தில் கருவி செய்துகொண்டிருக்க மாட்டார். தம் கருவியை அழகாக வைத்துக்கொள்ளும் ஆசை எவ்வளவு பழையது என்பதற்கு அது போதும்.

இங்கேதான் மணிமேகலையை நினைக்க வேண்டியிருக்கிறது. புகார் நகர அரண்மனை மண்டபத்தைக் கட்டியவர்களை அந்தக் காப்பியம் சொல்லும்போது, மகத நாட்டு வினைஞரையும் மராட்டக் கம்மியரையும் அவந்திக் கொல்லரையும் சொல்லி, யவனத் தச்சரையும் சொல்லி, இவர்கள் எல்லாரும் தமிழ் வினைஞரோடு சேர்ந்து வேலை செய்ததாகக் கூறுகிறது. கிரேக்க, ரோமானிய உலகமான யவன நாடுகளில் அந்த நூற்றாண்டுகளில் இழைப்புளி புழக்கத்தில் இருந்தது. கடல் கடந்து தொழில் செய்ய வந்தவர் கருவியை ஊரில் விட்டுவிட்டு வந்திருப்பாரா? மரம் இந்த மண்ணில் மக்கிப்போகும், கறையான் தின்னும்; அதனால் அகழாய்வுக் குழியில் இதற்கு விடை தேடுவது எளிதில்லை. இரு நாட்டுத் தச்சர்கள் ஒரே மண்டபத்தில் வேலை செய்தார்கள் என்று ஒரு தமிழ்ப் புலவர் நினைத்துப் பார்த்தார் என்பதே பெரிய செய்தி.

இழைப்புளி இல்லாவிட்டால் நயமான வேலை இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. ஜப்பானில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹோர்யூஜி ஆலயத்தின் மரங்கள் ஈட்டி முனை போன்ற ஒரு சீவுகத்தியால் வழவழப்பாக்கப்பட்டவை. கட்டைக்குள் தகடு செருகிய இழைப்புளி அங்கே பரவியது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். தமிழ் நாட்டிலும் வாச்சியும் உளியும் பெரும்பங்கு வேலையைச் செய்தன. புறநானூற்றில் அதியமானைப் பாடும் ஔவையார், ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சர் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை உவமையாக்குகிறார். வேகமும் நிதானமும் ஒரே கையில் இருப்பதை அறிந்து பாராட்டிய வரி அது. கவிதைக்குள் தச்சுப்பட்டறை இவ்வளவு துல்லியமாக நுழைந்த இடங்கள் குறைவு.

தொண்டை மண்டலத்தில் மரத்தின் இடம் எவ்வளவு பெரியது என்பதைக் கல்லே சொல்கிறது. மகேந்திரவர்ம பல்லவரின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்ததாகப் பெருமைப்படுகிறது. மரமில்லாமல் கோயில் என்பது 7ஆம் நூற்றாண்டில் அறிவித்துக்கொள்ள வேண்டிய புதுமை. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் இரதங்களில் உத்திரங்களும் கூரையும் மரக் கட்டடத்தின் அச்சாகவே செதுக்கப்பட்டுள்ளன. பின்னால் வந்த தஞ்சைப் பெரிய கோயில் முழுக்கக் கல். ஆனாலும் அதைக் கட்டிய குஞ்சரமல்லருக்குக் கல்வெட்டு தரும் பட்டம் இராசராசப் பெருந்தச்சன். சோழர் காலக் கல்வெட்டுகளில் தச்சாசாரியக் காணி என்ற உரிமையும் வருகிறது: ஊரின் தச்சு வேலைக்கு இவரே உரியவர், அதற்கு இன்ன நிலம் என்ற ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியைச் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிய ஊர்களிலேயே 18ஆம் நூற்றாண்டில் பார்க்கலாம். ஆர்க்காட்டு நவாப் 1763இல் செங்கல்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அங்கே சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்கின் மூலமான தமிழ்ப் பனையோலைகளில், ஒவ்வோர் ஊரிலும் களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போது யார் யாருக்கு எவ்வளவு என்ற பங்கு எழுதப்பட்டிருக்கிறது. கணக்குப்பிள்ளை, வெட்டியார், வண்ணார், நாவிதர், கொல்லர் வரிசையில் தச்சருக்கும் பங்கு உண்டு. வரலாற்றாய்வாளர் தரம்பாலும் அவர் வழியில் வந்த சென்னை ஆய்வாளர்களும் இந்த ஓலைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததால்தான் நமக்கு இது தெரிகிறது. பழங்காலத்து ஊரைப் பற்றிப் பேசுகிற எவரும் தவறவிடக் கூடாத ஆவணம் அது.

இப்படிப் பங்கு பெற்ற ஊர்த் தச்சர் செய்தது ஏர், நுகத்தடி, ஏற்றம், வண்டி, மரக்கால், நிலைக்கதவு. இவற்றில் ஏருக்கும் ஏற்றத்துக்கும் வாச்சி போதும். கதவுப் பலகைக்கும் பெட்டிக்கும் இழைப்புளி வேண்டும். ஒரு படி மேலே போனால் காஞ்சிபுரத்துத் தறி. பட்டு நூல் படும் இடத்தில் ஒரு சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் இழை அறுந்துவிடும். படமரமும் அச்சுச் சட்டமும் நாடாவும் கையால் தடவினால் எங்கும் தடுக்காத அளவுக்கு இழைக்கப்பட வேண்டும். காஞ்சிப் பட்டின் புகழ் நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் சேர்வது நியாயம்; தறிக்கு மரம் இழைத்தவரை யாரும் சொல்வதில்லை என்பது குறைதான்.

19ஆம் நூற்றாண்டில் சென்னை நகரம் தச்சரை வேறு விதமாக வேலை வாங்கத் தொடங்கியது. 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டிகளைக் கட்டியது. பிறகு ரயில் பெட்டிகளையும் கட்டியது. 1903இல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய அதே 1856இல் பெரம்பூரில் பெட்டிகளுக்கான பட்டறை வந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, கைத்தொழிலையும் பாடமாக்கியது. சாரட்டு வண்டிக்கு வளைந்த பலகை வேண்டும். ரயில் பெட்டிக்கு ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான சட்டங்கள் வேண்டும். நாற்காலிக்கும் அலமாரிக்கும் விதவிதமான ஓர வேலைப்பாடு வேண்டும். அடிப்பரப்பு வளைந்த இழைப்புளி, காடி எடுக்கும் இழைப்புளி, ஓரத்தை உருட்டும் இழைப்புளி என்று வகைகள் பெருகின. மரக்கட்டையில் செய்த கருவிக்கு இங்கே ஒரு வசதி இருந்தது. வேலைக்கு எந்த வடிவம் தேவையோ அந்த வடிவத்தில் இன்னொரு கட்டையைக் குடைந்துகொள்ளலாம்.

கட்டை இங்கே கிடைத்தது, தகடு? அந்தக் கதை பறங்கிப்பேட்டைக்கும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கும் போகிறது.

தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய உருக்கு உலகப் புகழ் பெற்றது. மேற்கில் அதற்கு உட்ஸ் என்று பெயர். மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைப் பகுத்தாய்ந்து கட்டுரை எழுதினார். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களில் தனக்கென ஒரு மூசை உருக்கு முறையைக் கண்டிருந்தார். நல்ல உளிக்கும் இழைப்புளித் தகட்டுக்கும் அந்த வார்ப்புருக்கே தரம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் விலை அதிகம், உயர்ந்த ஸ்வீடன் இரும்பு அதற்கு வேண்டும்.

சென்னை மாகாணத்தில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், வேலையை விட்டுவிட்டு 1830இல் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துக் கனிமம், காட்டு மரக்கரி. இங்கே காய்ச்சிய இரும்பு ஷெஃபீல்டு வரை போயிற்று. ஆலை அவருக்குக் கடனையே கொடுத்தது. ஆனால் இரும்போடு பழகிய பழக்கத்தில் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார்: மூசையில் மாங்கனீசுச் சேர்மத்தைப் போட்டால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு வருகிறது, அது நன்றாக ஒட்டவும் செய்கிறது. 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு வார்ப்புருக்கின் விலை சரிந்தது. கத்தி, உளி, இழைப்புளித் தகடு எல்லாம் மலிந்தன. அவருக்கோ காசு சேரவில்லை. அந்தச் சேர்மத்தை ஆக்கும் மூலப்பொருள்களைத் தனித்தனியாக மூசையில் போட்டு, இது உங்கள் முறை இல்லையே என்று வாதாடியவர்களோடு வழக்காடியே நொந்து 1851இல் இறந்தார். வழக்கு அவருக்குப் பின்னும் நான்கு ஆண்டுகள் நடந்து, தோல்வியில் முடிந்தது. அந்த நூற்றாண்டில் ஷெஃபீல்டு முத்திரை பதித்த தகட்டை வாங்கித் தம் கட்டையில் செருகிய சென்னைத் தச்சருக்கு, அந்தத் தகட்டின் மலிவில் பறங்கிப்பேட்டை அனுபவமும் கலந்திருந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஊர்க் கொல்லர் இதனால் அடுப்பை அணைத்துவிடவில்லை. இரும்புப் பட்டையின் முனையில் மட்டும் உருக்குத் துண்டை ஒட்டி அடித்துத் தகடு செய்யும் முறை தொடர்ந்தது. லாரிகள் வந்த பிறகு அவற்றின் வில் பட்டையும் தேய்ந்த அரமும் தகடாயின. கரிமம் நிறைந்த நல்ல எஃகு அது. பதம் பார்த்துத் துவைச்சல் வைக்கத் தெரிந்தால் போதும்.

இதற்கெல்லாம் முன்பே, 18ஆம் நூற்றாண்டில், அட்லாண்டிக்கின் அக்கரையில் இழைப்புளி செய்வது தனித்தொழிலாகிவிட்டிருந்தது. மாசசூசெட்ஸின் ரெந்தம் ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ் நிக்கல்சன் அமெரிக்காவில் பெயர் தெரிந்த முதல் இழைப்புளிக்காரர். அவரிடம் அடிமையாக இருந்து தொழில் கற்றவர் சீசர் செலர். 1753இல் நிக்கல்சன் இறந்தபோது அவருடைய உயில் செலருக்கு விடுதலையும் கருவிகளும் கொஞ்சம் நிலமும் கொடுத்தது. அதன்பின் தாம் இறந்த 1784 வரை செலர் தம் பெயரையே கட்டையின் முன்முகத்தில் பதித்து இழைப்புளிகளை விற்றார். இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அடிமையாக இருந்த ஒருவருடைய பெயர் மரத்தில் பதிந்து இரண்டரை நூற்றாண்டு தாண்டி நிற்கிறது. நம் ஊர்களில் செய்தவரே வைத்துக்கொண்டதால் பெயர் பொறிக்க அவசியம் நேரவில்லை. எத்தனையோ கைதேர்ந்த ஆசாரிகளின் கட்டைகள் பெயரில்லாமலே தேய்ந்து அடுப்புக்குப் போயின.

லெனர்ட் பெய்லி என்ற பாஸ்டன்காரர் 1850களிலும் 60களிலும் வாங்கிய காப்புரிமைகள் கருவியின் போக்கையே மாற்றின. வார்ப்பிரும்பு உடல், திருகினால் ஏறி இறங்கும் தகடு என்று இன்றைய இரும்பு இழைப்புளியின் வடிவம் அவரிடமிருந்து கிளைத்தது. 1869இல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. தட்டிக் கேட்டுப் பழக வேண்டிய காது இனித் தேவைப்படவில்லை, திருகினால் போதும். இன்னொரு திசையில், ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்து ஸ்டீவர்ட் ஸ்பையர்ஸும் லண்டனின் நாரிஸும் எஃகுக் கூட்டுக்குள் கருங்காலி, ரோஸ்வுட் கட்டைகளை நிரப்பிய விலையுயர்ந்த இழைப்புளிகளைச் செய்தார்கள். இன்றும் கைவேலைப் பிரியர்கள் ஏலத்தில் போட்டியிடுவது அவற்றுக்குத்தான்.

வார்ப்பிரும்பு இழைப்புளி பிறப்பதும் மரத்திலிருந்துதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மணலில் அச்சுப் பதிக்க முதலில் மரத்தில் மாதிரி செய்ய வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் சுருங்கும். அதனால் மாதிரி செய்யும் பேட்டர்ன் தச்சர் சாதாரண அளவுகோலை வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. சுருக்கத்தைச் சேர்த்தே கோடு போட்ட தனி அளவுகோல் அவருக்கு உண்டு. மாதிரி மணலிலிருந்து சிதையாமல் வெளியே வர, பக்கங்களை மெல்லச் சரித்து இழைக்க வேண்டும். கோயம்புத்தூர் பம்பு, மோட்டார் தொழிலும் அம்பத்தூர் வார்ப்படங்களும் இப்படிப்பட்ட கைகளின் மேல் எழுந்தவை. தச்சுத்தொழிலில் துல்லியத்தின் உச்சம் எது என்று கேட்டால், கோயில் தேருக்கு அடுத்தபடி பேட்டர்ன் பட்டறையைச் சொல்லலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு பஞ்சாபின் ஜலந்தர் கைக்கருவித் தொழிலின் மையமானது. அங்கே வார்த்த இரும்பு இழைப்புளிகள் தமிழ்நாட்டு இரும்புக்கடைகளுக்கும் வந்தன. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் எழுந்த ஐ.டி.ஐ.களில் ஜாக் பிளேன் என்ற இழைப்புளி பாடத்திட்டத்துக்குள் நுழைந்தது. அப்பாவிடமும் மேஸ்திரியிடமும் கற்ற தொழிலுக்குச் சான்றிதழ் கிடைத்தது. சாதி பார்க்காமல் எவரும் கற்கலாம் என்ற கதவும் திறந்தது. இது பெரிய மாற்றம், நல்ல மாற்றம். கூடவே ஒன்று நழுவியது. கருவியை ஸ்டோர் ரூமில் கையெழுத்துப் போட்டு வாங்கும் மாணவருக்கு, அலகின் சரிவு ஏன் 45 பாகை என்று யோசிக்க நேரம் வரவில்லை. பெரம்பூரிலும் காலம் மாறியது. 1955இல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை எஃகு உடல் பெட்டிகளைக் கட்டியது. மர உடல் பெட்டிகளின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது.

ஜப்பானின் மகிட்டா நிறுவனம் 1958இல் மின் இழைப்புளியை விற்கத் தொடங்கியது. இரண்டு பேர் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிய வேலையை ஒருவர் நிமிடங்களில் முடித்துவிடுகிறார்; தோள் வலி இல்லை. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் கை இழைப்புளியைப் பையிலிருந்து வெளியேற்றியதில் மின்சாரத்தைவிடப் பிளைவுட்டின் பங்கே பெரிது. இழைத்தே வருகிற பலகை, மேலே ஒட்ட மைக்கா, ஓரத்துக்கு நாடா. இழைக்க மரமே இல்லாத அறையில் இழைப்புளிக்கு என்ன வேலை? நிலைக்கதவைச் சட்டத்தில் பொருத்தும்போது ஓரத்தைச் சற்றே சீவிவிட மட்டும் அது இன்னும் வெளியே வருகிறது.

செம்பரம்பாக்கத்தைச் சுற்றிய தொழில் வளாகத்தில் மரம் குறைந்துவிடவில்லை என்பது ஆச்சரியம் தரும் செய்தி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் முதல் காரை வெளியிட்டது. ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் 2010இல் வந்தது. டெய்ம்லரும் ராயல் என்ஃபீல்டும் தொடர்ந்தன. இவற்றின் பாகங்கள் கப்பலேறவும் வந்து சேரவும் மரப்பெட்டிகளும் பேலட்டுகளும் வேண்டும். பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதிப்படி அந்த மரம் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, முத்திரை குத்தப்பட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் இதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. அறுத்த பலகை, ஆணித் துப்பாக்கி, முத்திரை. இழைப்பு மட்டும் கிடையாது. பேலட்டுக்கு வழவழப்பு எதற்கு? இந்தப் பகுதியில் அதிகம் புழங்கும் மரவேலை, இழைப்புளி தொடாத மரவேலையாகிவிட்டது. வார்ப்பட மாதிரிகளும் இன்று பெரும்பாலும் கணினி இயக்கும் எந்திரத்தில் பிசின் கட்டைகளாகவோ உலோகமாகவோ உருவாகின்றன.

இதற்கிடையில் உலகின் வேறு மூலைகளில் கருவி மீண்டும் மதிப்புப் பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1981இல் தொடங்கிய லீ-நீல்சன், பழைய ஸ்டான்லி வடிவங்களை உயர்ந்த உலோகத்தில் வார்த்து விற்கிறது. ஜப்பானில் 1997 முதல் நடக்கும் கெசுரோகாய் கூட்டங்களில் தச்சர்கள் யார் சீவல் மெல்லியது என்று போட்டி போடுகிறார்கள். 10 மைக்ரானுக்கும் குறைவான, ஊதினால் மிதக்கும் சீவல் அங்கே சாதாரணம். அந்த அளவுக்கு வர, தகட்டைத் தீட்டுவது மட்டும் போதாது. கட்டையின் அடிப்பரப்பையும் அன்றன்றைய ஈரப்பதத்துக்கேற்பச் சரிசெய்ய வேண்டும். அதனால் அங்கே கட்டை செய்யத் தெரிந்தவருக்கு மரியாதையும் வருமானமும் இருக்கின்றன.

இங்கே அரசின் கவனம் கருவி மேல் திரும்பியிருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர் உள்ளிட்ட 18 தொழில்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய் உதவி உண்டு. பரம்பரைத் தொழிலோடு பிணைக்கிறது என்று அதை மறுத்த தமிழ்நாடு அரசு, எந்தக் குடும்பத்தவரும் சேரக்கூடிய கலைஞர் கைவினைத் திட்டத்தை 25 தொழில்களுக்காக 2025 ஏப்ரலில் தொடங்கியது. தொடங்கிய இடம் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்திலேயே உள்ள குன்றத்தூர். இரண்டுமே கருவியை வாங்கும் பொருளாகப் பார்க்கின்றன. அதன்கூடவே அதைச் செய்யும் பாடமும் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தின் தச்சுப் பிரிவில் ஒவ்வொரு மாணவரும் முதல் பயிற்சியாகத் தமக்கு ஒரு மர இழைப்புளி செய்துகொள்ளட்டும். உளி பிடிப்பது, கோணம் அளப்பது, துளை தோண்டுவது, ஆப்பு பொருத்துவது, தீட்டுவது எல்லாம் அந்த ஒரு கட்டைக்குள் வந்துவிடும். செலவு ஒரு கட்டையும் ஒரு தகடும். 1957 முதல் மாமல்லபுரத்தில் இயங்கும் அரசு சிற்பக் கல்லூரியிலும் இதற்கு இடம் உண்டு. கற்றுத் தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் தறி பழுது பார்க்கும் பட்டறைகளிலும், கோயில் தேர்களைப் புதுப்பிக்கும் கொட்டகைகளிலும், தம் கட்டையைத் தாமே குடைந்த மூத்த தச்சர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை ஆசிரியர் சம்பளத்துக்கு அழைக்க வேண்டும், அதுவும் இந்த ஆண்டே.